அறிவுரையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு: மனிதநேய முறையில் ஆலோசனை செய்யத் தொடங்குபவர்களுக்கு

பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். உங்கள் பெரியம்மா மகள் வீட்டுக்கு வந்து, "எனக்கு இந்த வேலையே பிடிக்கலை, விட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

"வேற வேலை பார்த்துட்டு விடு." "எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான்." "வீட்டு லோன் இருக்கே, யோசிச்சியா?" பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். எல்லாமே அக்கறையில் வருபவை, ஒன்றும் கெட்ட பதில் இல்லை. ஆனால் அவள் சொன்ன அந்தப் "பிடிக்கலை"க்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதநேய உளவியல் வழியிலான ஆலோசனை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைக் கவுன்சிலிங் என்றும் உளவியல் ஆலோசனை என்றும் சொல்கிறோம். ஆலோசனை என்ற சொல்லே, வருகிறவர் கேட்பார், நாம் வழி சொல்வோம் என்ற எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு உளவளத்துணை என்று ஒரு பெயர் உண்டு. மனத்தின் வளம் அவரிடமே இருக்கிறது, நாம் துணை. இந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து வந்தது

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க உளவியலில் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. ஒன்று மனத்தின் ஆழத்தில் மறைந்திருப்பதைத் தோண்டிப் பார்த்த ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு, இன்னொன்று வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளந்த நடத்தையியல். இரண்டுக்கும் அப்பால் எழுந்ததால் மனிதநேய உளவியலை ஆபிரகாம் மாஸ்லோ மூன்றாவது சக்தி என்று அழைத்தார். மாஸ்லோவைப் பற்றி எந்தப் பாடநூலிலும் படித்துக்கொள்ளலாம். தேவைகளைப் பற்றி அவர் 1943-இல் எழுதிய கட்டுரையில் தேவைகளை அடுக்கடுக்காகக் காட்டும் அந்தப் பிரபலமான முக்கோணப் படம் கிடையாது, அது பின்னால் மற்றவர்கள் சேர்த்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆலோசனை அறைக்குள் நமக்கு வேண்டியவர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987).

ரோஜர்ஸ் 1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு தாய், அடங்காத தன் மகனோடு வந்தார். சின்ன வயதிலேயே தாய் அவனை ஒதுக்கியதுதான் பிரச்சினை என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல சந்திப்புகளில் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்வோமா என்று கேட்டார், அந்தத் தாயும் சரி என்றார். கைகொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துயரத்தையெல்லாம் கொட்டத் தொடங்கினார். அதுவரை எழுதிவைத்த குறிப்புகளில் இல்லாத கதை அது. உண்மையான வேலை அன்றுதான் தொடங்கியது. மகனிடமும் அதன் பலன் தெரிந்தது.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் கற்றுக்கொண்டது இப்படித்தான். இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கையை விளக்க அவர் தன் சிறுவயது வீட்டு நிலவறையில் கிடந்த உருளைக்கிழங்குகளைச் சொல்வார். குளிர்காலத்துக்காகச் சேர்த்துவைத்த அந்தக் கிழங்குகள் இருட்டிலும் முளைவிட்டு, வெளிறிப்போன தண்டுகளாக, தூரத்துச் சன்னலின் வெளிச்சத்தை நோக்கி நீண்டுகொண்டிருந்தன. கோணலாக வளர்ந்தாலும் அது வளர்ச்சிதான். நம்மிடம் வருகிறவரின் குடியையோ கோபத்தையோ பார்க்கும்போது எனக்கு அந்தத் தண்டுகள் நினைவுக்கு வரும்.

மாற்றம் நிகழ என்னென்ன வேண்டும் என்று 1957-இல் அவர் ஆறு நிபந்தனைகளை எழுதினார். அவற்றில் ஆலோசகர் தரப்பில் இருக்க வேண்டியவை மூன்று: வந்தவரின் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் உண்மைத்தன்மை. தேர்வுக்கு இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். அறையில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதல் படி: அறையும் வாக்குறுதியும்

ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள், அவர் விரும்பினால் பார்வையை விலக்கிக்கொள்ள இடம் இருக்கும். நடுவில் மேசை வேண்டாம். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்காமலே நேரம் தெரியும் இடத்தில் ஒரு கடிகாரம். குடிக்கத் தண்ணீர். போன் அணைந்திருக்க வேண்டும், மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது. பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனி அறை கிடைப்பது அபூர்வம், விளையாட்டுச் சாமான் அறையோ நூலக மூலையோதான் கிடைக்கும். பரவாயில்லை. ஆள் தெரியலாம், குரல் கேட்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உட்கார்ந்ததும் ரகசியம் பற்றி நேராகச் சொல்லுங்கள்: "இங்க பேசுறது வெளியே போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் வேற ஆளைச் சேர்த்துக்க வேண்டியிருக்கும். அப்பவும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." குழந்தைகளிடம் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதுபோன்ற கொடுமை வேறில்லை.

கூப்பிடும் முறையும் இந்தப் படியிலேயே வந்துவிடும். ஊர்ப்பக்கத்தில் வருகிறவர் நம்மை "அக்கா", "அண்ணே" என்று அழைப்பார். அதில் தவறே இல்லை. ஆனால் அக்கா என்று கூப்பிட்ட உடனே நமக்குள் ஒரு அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கண்டிக்கவும், சமாதானம் சொல்லவும், மாப்பிள்ளையிடம் தானே பேசிப் பார்க்கவும் தயாராகிவிடுவாள். அவளைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுப் பையனையும் நான் "நீங்க" என்றுதான் தொடங்குவேன். சிலர் கூச்சப்பட்டு, "நீன்னே சொல்லுங்க மிஸ்" என்பார்கள். சரி, அப்புறம் அவர்கள் விருப்பப்படி.

இரண்டாம் படி: ஆரம்ப வாக்கியம்

படிவத்தை எடுத்து வயது, படிப்பு, கூடப்பிறந்தவர்கள் என்று வரிசையாகக் கேட்டால், நாம் கேட்டால்தான் பேச வேண்டும் என்று அவர் பழகிவிடுவார். அதை உடைக்க இரண்டு சந்திப்பாகும். "சொல்லுங்க, எங்க ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேயிருந்து" என்பது போதும். படிவத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: புரிந்ததைச் சொல்லிச் சரிபார்த்தல்

இதில்தான் அதிக நாள் செலவாகும். வகுப்புக்காக நான் எழுதிய ஓர் உரையாடலைத் தருகிறேன். இது யாருடைய சொந்தக் கதையும் அல்ல.

வந்திருப்பவர் முப்பத்தைந்து வயதுப் பெண். "மாமியாருக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு. நான்தான் பார்த்துக்கிறேன். எல்லாரும் நல்ல மருமகள்னு சொல்றாங்க. அதைக் கேட்டாலே எரிச்சலா வருது."

பயிற்சியில் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ரெண்டு வருஷமாவா, பெரிய விஷயம்ங்க. நாத்தனார் யாரும் உதவிக்கு வர மாட்டாங்களா?"

அடுத்த பத்து நிமிடம் பேச்சு நாத்தனாரைப் பற்றியே போகும். எரிச்சல் காணாமல் போயிருக்கும். அதைவிட மோசம், "பெரிய விஷயம்ங்க" என்று பாராட்டியதில் ஆலோசகரும் நல்ல மருமகள் என்று சொல்லும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

இப்போது இன்னொரு பதில்:

"பார்த்துக்கிறதைவிட, நல்ல மருமகள்னு சொல்றதுதான் எரிச்சலா இருக்கு."

"ஆமா... இல்ல, எரிச்சல்னு இல்ல. அப்படிச் சொல்லிட்டா, அப்புறம் என்னால முடியலைன்னு சொல்ல முடியாதுல்ல."

"அந்தப் பேரு உங்க வாயை அடைச்சிடுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக: "ராத்திரி அவங்க கூப்பிடும்போது சில நாள் கேக்காத மாதிரி படுத்திருப்பேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

"இல்ல, எரிச்சல்னு இல்ல" என்ற இடத்தைக் கவனியுங்கள். ஆலோசகர் சொன்னது முழுக்கச் சரியில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவர் திருத்தினார், திருத்தும்போது இன்னும் ஆழமாகத் தன்னைப் பார்த்தார். திருத்துவதற்கு இடம் விட்டுப் பேசுவதுதான் இந்தப் படியின் உயிர். "உணர்வைப் பிரதிபலித்தல்" என்று பாடநூல்கள் இதற்கு வைத்த பெயர் ரோஜர்ஸுக்கே பிடிக்கவில்லை. நான் எதையும் பிரதிபலிக்க முயலவில்லை, என் புரிதல் சரியா என்று சோதித்துப் பார்க்கிறேன் என்று கடைசிக் காலத்தில் எழுதினார். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர், தட்டச்சு செய்த வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிப் போடும் எலிசா என்ற நிரலை எழுதினார். ரோஜர்ஸ் வழி ஆலோசகரைப் பார்த்துத்தான் அதன் பேச்சு அமைக்கப்பட்டது. சொன்னதைத் திருப்பிச் சொல்வது இயந்திரத்தாலும் முடியும். "வாயை அடைச்சிடுது" என்ற சொல்லைக் கண்டுபிடிக்க, ஒரு நிமிடமாவது அந்த வீட்டின் அடுப்படியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பழகும்போது சில பிடிமானங்கள். உங்கள் வாக்கியம் அவருடையதைவிடச் சின்னதாக இருக்கட்டும். அவர் எரிச்சல் என்றால் எரிச்சல்தான், அதை மன அழுத்தம் என்று மாற்றாதீர்கள். "நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா" என்று ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்காதீர்கள், மூன்றாவது முறையிலேயே அவருக்குச் சலித்துவிடும். "கவலைப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்", "எல்லார் வீட்லயும் இருக்கிறதுதான்" இந்த மூன்றும் நாக்கு நுனியில் எப்போதும் நிற்கும். மூன்றும் பேச்சைப் பூட்டும் சாவிகள்.

நான்காம் படி: "என்னமோ மாதிரி இருக்கு"

சிகாகோவில் ரோஜர்ஸோடு வேலை செய்த யூஜின் ஜென்ட்லின் அடிப்படையில் தத்துவம் படித்தவர். ஆலோசனைப் பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது அவரும் கூட இருந்தவர்களும் ஒன்றைக் கண்டார்கள். பலன் பெறுகிறவர்கள் சரளமாகப் பேசுவதில்லை. நடுவில் நிறுத்துவார்கள், தடுமாறுவார்கள், இன்னும் சொல்லாக வராத ஏதோ ஒன்றை உடம்புக்குள் துழாவுவார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பயிற்சியே தேவையில்லை. நெஞ்சை அடைக்குது, வயித்தைப் பிசையுது, மனசு பாரமா இருக்கு, தொண்டையில ஏதோ நிக்குது என்று உணர்வை உடம்பில் வைத்துத்தான் நாம் பேசுகிறோம். எதுவும் சரியாக வராதபோது "என்னமோ மாதிரி இருக்கு" என்கிறோம். புதியவர்கள் இதைத் தெளிவில்லாத பேச்சு என்று நினைத்து, "என்ன மாதிரி? கோபமா, வருத்தமா?" என்று பட்டியல் நீட்டுவார்கள். நீட்டாதீர்கள். "அந்த என்னமோ மாதிரி... எங்க தெரியுது உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் கை தானாக நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ போகும். அங்கிருந்து ஒரு சொல் வரும், அது பொருந்தவில்லை என்று தள்ளுவார், வேறொன்று வரும். சரியான சொல் கிடைத்தால் மூச்சு மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

இதற்கு மௌனத்தைத் தாங்கத் தெரிய வேண்டும். நம் வீடுகளில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் சண்டை என்று அர்த்தம், அதனால் அவசரமாக எதையாவது சொல்லி நிரப்பிவிடுகிறோம். மனசுக்குள் மெதுவாகப் பத்துவரை எண்ணுங்கள். அவர் கண் தரையில் நிலைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பத்து. உங்களைப் பார்த்து, அடுத்து என்ன செய்வது என்று தவித்தால் மட்டும் உதவிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: ஏற்பதும் உண்மையாக இருப்பதும்

"கேக்காத மாதிரி படுத்திருப்பேன்" என்று அந்தப் பெண் சொன்னதும் முகம் சுளித்தால் எல்லாம் முடிந்தது. "பரவாயில்லைங்க, மனுஷங்கதானே" என்பதும் சரியில்லை. மன்னிப்பு வழங்குகிறவர் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "சொல்ல முடியாம இதைத் தனியாவே சுமந்திருக்கீங்க" என்றால், அவர் செய்தது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பே அதில் இல்லை.

ஏற்பு என்றால் சம்மதம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். மனைவியை அடித்ததாகச் சொல்லும் ஒருவர் எதிரே உட்காரலாம். அவரை ஒரு மனிதராக மதித்துக் கேட்கிறேன். அடித்தது சரி என்று என் தலை ஆடாது. அந்த வீட்டில் இப்போதும் அபாயம் இருந்தால் முதலில் அவர் மனைவியின் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு.

உண்மைத்தன்மை என்பது மனதில் தோன்றுவதையெல்லாம் சொல்வதல்ல. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்காமல் இருப்பது. கவனம் சிதறிவிட்டால், "மன்னிச்சுக்கோங்க, கடைசியா சொன்னதை விட்டுட்டேன், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்ட மாதிரி தலையாட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: "நீங்களே ஒரு வழி சொல்லுங்க"

நிச்சயம் கேட்பார்கள். 1964-இல் படமாக்கப்பட்ட ஒரு சந்திப்பில், விவாகரத்தான ஓர் இளம் தாய் ரோஜர்ஸிடம் நேரடியான பதில் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். தன் வாழ்வில் வரும் ஆண்களைப் பற்றி மகளிடம் உண்மையைச் சொல்லலாமா, அது அவளைப் பாதிக்குமா என்பது கேள்வி. ரோஜர்ஸ் தட்டிக்கழிக்கவில்லை. பதில் தர முடிந்தால் நன்றாக இருக்கும் என்ற தன் விருப்பத்தையும் சொல்கிறார். ஆனால் முடிவை அந்தத் தாயிடமே விட்டுவைக்கிறார். அரை மணி நேரத்துக்குள் அவர், தனக்கு வேண்டியது மகளிடம் மறைக்காமல் இருப்பதுதான் என்ற இடத்துக்குத் தானே நெருங்கி வருவதைப் பார்க்கலாம்.

நம் வாயில் அது இப்படி வரலாம்: "யாராவது இதுதான் சரின்னு சொல்லிட்டா நிம்மதியா இருக்கும்னு தோணுது. ரெண்டு பக்கமும் எது இழுக்குதுன்னு கொஞ்சம் பார்க்கலாமா?"

இங்கே நான் கறாராக ஒன்று சொல்வேன். அறிவுரை வேறு, தகவல் வேறு. அந்தப் பெண்ணின் மாமியாருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் எங்கே வாங்குவது, அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவம் உண்டா என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும். ரோஜர்ஸ் பெயரைச் சொல்லிக்கொண்டு தகவலையும் மறைப்பது அவரைத் தவறாகப் படித்ததன் விளைவு.

எங்கே நிறுத்த வேண்டும்

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். "தற்கொலை பண்ணிக்கலாம்னு எண்ணம் வருதா?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் உண்டாகிவிடும் என்ற பயம் வேண்டாம். வருகிறது என்றால் எப்படி, எப்போது என்று யோசித்தாரா, கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்து கையெட்டும் தூரத்திலேயே இருக்கும். அதை அப்புறப்படுத்த வீட்டில் நம்பிக்கையான ஒருவர் வேண்டும். வந்தவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மனநல மருத்துவரிடம் சேர்க்கும்வரை பொறுப்பு உங்களுடையது. இந்தியாவில் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

இல்லாத குரல் கேட்கிறது என்பவர், பல நாள் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பவர், பிரசவத்துக்குப் பின் குழந்தையைப் பார்த்தே பயப்படும் தாய், இவர்களுக்கு மருத்துவர் முதலில், நம் பேச்சு கூடவே. கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு அதற்கென்றே வகுக்கப்பட்ட நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. தன் ஆறு நிபந்தனைகளும் தேவையானவை மட்டுமல்ல, அவையே போதுமானவை என்றார் ரோஜர்ஸ். தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை.

பழகும் விதம்

மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் தன் வாழ்வின் சின்ன, உண்மையான விஷயம் ஒன்றைப் பேசட்டும். பெரிய காயத்தைத் திறக்க இது இடமில்லை. ஒருவர் கேட்கட்டும். மூன்றாமவர் வெறுமனே பார்த்து எழுதட்டும். பதினைந்து நிமிடத்தில் இடம் மாறுங்கள். முதல் மாதம் கேட்பவருக்கு ஒரே விதி: கேள்வியே கேட்கக் கூடாது. கஷ்டமாகத்தான் இருக்கும். கேள்வியை எடுத்துவிட்டால் நம் கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது பதிவு. ஒலிப்பதிவு இசைத்தட்டில் இருந்த காலத்திலேயே, சில நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றிக்கொண்டு ரோஜர்ஸ் தன் சந்திப்புகளைப் பதிவு செய்தார். ஒருவருடைய எட்டுச் சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் 1942-இல் நூலாகவே வெளியிட்டார். அதுவரை மூடிய கதவுக்குள் நடந்ததை வெளியாள் கேட்பது மிக அபூர்வம். நம்மிடம் இப்போது போன் இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எதற்காக, யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அதில் இருக்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கேட்டதற்காக அவர் சங்கடப்படக் கூடாது.

முழுச் சந்திப்பையும் எழுத்தில் இறக்க வேண்டியதில்லை, பத்து நிமிடம் போதும். உங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அவர் என்ன செய்தார் என்று ஓரத்தில் குறியுங்கள்: இன்னும் உள்ளே போனாரா, அங்கேயே நின்றாரா, வேறு கதைக்கு நழுவினாரா. நழுவிய இடங்களைச் சுழித்து, அவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம் என்று மூன்று விதமாக எழுதிக்கொள்ளுங்கள். மூத்த ஆலோசகரிடம் மேற்பார்வைக்குப் போகும்போது அந்த ஒரு தாளை எடுத்துப் போங்கள்.